நம்ம வீட்டு நாய்தானே

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முன்பின் அறிமுகமில்லாத ஓர் இளைஞர் கோயம்புத்தூரிலிருந்து அழைத்தார். என் தோழி ஒருத்தியிடமிருந்து எண்ணை வாங்கியதாகச் சொன்னார். அவருக்கு நெதர்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது, ஆறு வாரத்தில் போய்ச் சேர வேண்டும். வீட்டில் இரண்டு வயதுப் பாரசீகப் பூனை ஒன்று இருக்கிறது, அதை யாரிடமும் விட்டுவிட்டுப் போக மனமில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "இங்க ஒரு ஏஜென்ட் எல்லாத்தையும் முடிச்சுத் தர்றேன்னு சொல்றாருக்கா. சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை எல்லாத்துக்கும் பழைய தேதி போட்டு வாங்கிடலாமாம். நீங்க நாயைக் கூட்டிட்டுப் போனீங்கல்ல, அங்க அவ்வளவு நுணுக்கமாப் பார்ப்பாங்களா?"

அது குற்றம், அப்படியொரு காரியத்தைச் செய்யாதீர்கள் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என் குரலில் தேவைக்கு மேல் கடுமை இருந்தது. ஒரு பூனையைக் கைவிட விரும்பாமல் வழி தேடிக்கொண்டிருந்த ஒருவரிடம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று அன்று மாலையே தோன்றியது. அந்த எண்ணம் பல நாள்களாகியும் அடங்கவில்லை. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அதே கேள்வியின் முன்னால் ஒரு காலத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஒரு தேதியை மாற்றி எழுதிக்கொள்ளச் சம்மதிக்கும் முடிவோடு ஒரு நாள் வீடு திரும்பியிருக்கிறேன். அதிலிருந்து என்னை விலக்கியது என் நேர்மையன்று, என் அம்மா சொன்ன ஒரு பழைய சாவின் கதை. அந்தக் கதையை அந்த இளைஞருக்குச் சொல்லாமல் சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டேன் என்பதுதான் உறுத்தல்.

சிப் முதலில், ஊசி பிறகு

செம்பி எங்களிடம் வந்தது 2019 மழைக்காலத்தில். குரோம்பேட்டை ரயில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில், ஒரு டீக்கடையின் அடுப்பு மேடைக்கு அடியில் நனைந்து ஒடுங்கியிருந்த நாட்டுநாய்க் குட்டி அவள். செம்மண் நிறம் என்பதால் அந்தப் பெயர். 2022 ஜூலையில் என் கணவருக்கு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஆராய்ச்சிப் பணி உறுதியானபோது செம்பிக்கு மூன்று வயது, 17 கிலோ எடை. அவளை விட்டுவிட்டுப் போவதா என்ற பேச்சே எங்களுக்குள் எழவில்லை. தெருவில் கிடந்த நாய்க்கு விமானச் சீட்டா என்று கேட்ட உறவினர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தைச் செலவழிக்க நான் விரும்பவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாய், பூனைகளைக் கொண்டுபோவதற்கான விதி, நாங்கள் கிளம்பிய காலத்தில், 2013ஆம் ஆண்டின் 576ஆம் எண் ஒழுங்குமுறையில் இருந்தது. வெறிநோய் கட்டுக்குள் இருப்பதாக அவர்கள் பட்டியலிட்டிருக்கும் நாடுகளிலிருந்து போகும் பிராணிக்கு அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பும், அதன்பின் போட்ட வெறிநோய்த் தடுப்பூசியும், ஊசி போட்டபின் 21 நாள் காத்திருப்பும் போதும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நம் ஊர்ப் பிராணிகளுக்கு இரண்டு படிகள் கூடுதல். தடுப்பூசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழிந்தபின் ரத்தம் எடுத்து, ஒன்றியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். ஒரு மில்லிலிட்டர் சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியில், வெறிநோய்க்கு எதிரான எதிர்ப்பொருள் 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த அளவு இருப்பதாக முடிவு வந்துவிட்டாலும் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் நான் படித்திருந்தேன். படித்ததில் ஒரே ஒரு சொல்லைப் போதிய கவனத்தோடு படிக்கவில்லை. செம்பிக்கு ஆண்டுதோறும் தவறாமல் வெறிநோய் ஊசி போட்டு வந்தோம். கடைசி ஊசி 2022 மார்ச்சில். ஆகஸ்ட் 10ஆம் தேதி வழக்கமாகச் செல்லும் மருத்துவமனையில் அவளுடைய தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில், அரிசிமணி அளவிலான சிப்பைச் செலுத்தினார்கள். அதில் மின்கலம் கிடையாது, நாய் இருக்கும் இடத்தையும் அது காட்டாது. கருவியைக் கிட்டே கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். அன்றே ரத்தமும் எடுத்து, சீரத்தைப் பிரித்து, குளிர்ப்பெட்டியில் வைத்து ஐரோப்பிய ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். செப்டம்பர் 5ஆம் தேதி முடிவு வந்தது: 2.7. தேவையான அளவைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். நவம்பர் 14ஆம் தேதிக்கு எங்கள் இருவருக்கும் பயணச்சீட்டு எடுத்துவிட்டோம்.

அடுத்த நாள், இறுதி ஆவணங்களைச் சரிபார்ப்பதற்காக வேறொரு மூத்த கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் தடுப்பூசிப் புத்தகத்தையும் சிப் சான்றிதழையும் ஆய்வக அறிக்கையையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மார்ச் மாதத்து ஊசியின் மேல் விரலை வைத்து, "இது செல்லாதும்மா" என்றார். சிப் செலுத்திய பிறகோ, அதே நாளிலோ போட்ட ஊசிதான் கணக்கில் வரும். அதற்கு முன் எத்தனை ஆண்டு எத்தனை ஊசி போட்டிருந்தாலும், அவை எண் இல்லாத ஒரு நாய்க்குப் போட்ட ஊசிகள். அந்த ஊசியை வாங்கிக்கொண்டது செம்பிதான் என்பதற்கு என் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஊசி செல்லாதென்றால் அதை நம்பி எடுத்த ரத்தப் பரிசோதனையும் செல்லாது. புதிதாக ஊசி, 30 நாள், மறுபடி ரத்தம், மூன்று மாதம். ஜனவரி நடுப்பகுதிக்கு முன் செம்பி விமானம் ஏற வழியில்லை.

அங்கிருந்து நேராகப் பழைய மருத்துவமனைக்குப் போனேன். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த மருத்துவர் வருத்தப்பட்டார். வெளிநாடு போகும் பிராணிகள் தன்னிடம் அதிகம் வருவதில்லை என்றார். பிறகு, தவறு தன்மேல் இருப்பதால் தானே சரிசெய்து தருவதாகவும், சிப் செலுத்திய தேதியைப் பிப்ரவரி என்று மாற்றி வேறொரு சான்றிதழ் எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார். "சான்றிதழ் கொடுக்கிறது நான்தானே, யார் வந்து கேட்கப் போறாங்க? நாய்க்கு எதிர்ப்புச் சக்தி இருக்குன்னு லேபே சொல்லிட்டான்." மறுநாள் காலை வந்து சொல்வதாகக் கூறி எழுந்தேன்.

வீட்டுக்கு வருவதற்குள் என் மனம் சம்மதித்துவிட்டது. அந்த மருத்துவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. செம்பியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது, அது ஆய்வகத்தின் கணக்கு. அவளால் யாருக்கும் ஆபத்து இல்லை, அது நான் அறிந்த உண்மை. தாளில் ஒரு மாதத்தின் பெயர் மட்டும்தான் மாறப்போகிறது. உண்மைக்குக் கேடில்லாத ஒரு பொய் என்று அதற்கு ஒரு பெயரையும் மனத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

அம்மா சொன்னது

அம்மா மூன்று ஆண்டுகளாகச் செம்பியோடு ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்தவர். ஒரு முறைகூட அவளைத் தொட்டதில்லை. சோறு பிசைந்து வைப்பார்; வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொள்வார். செம்பி பக்கத்தில் வந்தால் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்குவார். ஆசாரத்தினால் வந்த விலகல் என்றுதான் நான் நினைத்திருந்தேன், கேட்டதில்லை. அன்று இரவு சாப்பிட்டபின் என் கணவரிடம் நான் இந்தத் தேதி விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார்.

"உன் நாய்க்கு ஒண்ணும் இல்லைன்னு உனக்குத் தெரியும். அந்த ஊர்க்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். தாளில் இருக்கிறதே என்றேன். "அந்தத் தாளைத்தானே மாத்தி எழுதப் போறேங்கிற?" என்றார். அதன் பிறகுதான் நான் கேள்விப்பட்டேயிராத அந்தக் கதை வந்தது. அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தான் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் காய்ச்சலில் போய்விட்டான் என்று மட்டுமே வீட்டில் சொல்லியிருந்தார்கள். அது காய்ச்சல் இல்லை.

வந்தவாசிக்குப் பக்கத்துக் கிராமம். 1968ஆம் ஆண்டு தை மாதம். அம்மாவுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. வீட்டில் வளர்ந்த நாய்க்குட்டி ஒன்று விளையாட்டில் அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. பல் பதிந்து இரண்டு பொட்டு ரத்தம். பாட்டி மஞ்சளை அரைத்துப் பூசினார். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட வேண்டும் என்று பக்கத்து வீட்டில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்குத் தாத்தா சொன்ன பதிலை அம்மா அவர் குரலிலேயே சொன்னார்: "தெரு நாயா கடிச்சுது? நம்ம வீட்டு நாய்தானே." ஐந்தாறு நாளில் அந்தக் குட்டி காணாமல் போயிற்று. யாரும் தேடவில்லை. சித்திரை பிறந்து சில நாளில் தம்பி கை மதமதவென்று இருப்பதாகச் சொன்னான், பிறகு காய்ச்சல், பிறகு தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாலே தொண்டை இழுத்துக்கொண்டது. நான்கு நாள். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்களாம். "அக்கா, தண்ணி வேணும்னு கேப்பான். கொண்டு போனா அலறுவான். எடுத்துட்டுப் போன்னு அலறுவான். மறுபடி கேப்பான்."

அம்மா அழவில்லை. கீரையை மறுபடி எடுத்து ஆயத் தொடங்கினார். சற்று நேரம் கழித்து, "நம்ம வீட்டு நாய்தானேன்னு எங்கப்பாவும் உண்மையைத்தான் சொன்னாரு. அது நம்ம வீட்டு நாய்தான்" என்றார்.

என்னால் அந்த வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. வீடு திரும்பும் வழியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுவேதான்: நம் செம்பிதானே. ஆய்வகம் தந்த எண் என்னிடம் இருந்தது, தாத்தாவிடம் அது இல்லை என்ற வேறுபாடு உண்மைதான். ஆனால் அடுத்து அதே மருத்துவரிடம் போகும் ஒருவரிடம் அந்த எண் இருக்காது. அவருக்கும் அதே மேசையில் அதே உதவி கிடைக்கும். அவரும் தன் நாயை அறிந்தவராகத்தான் இருப்பார். மறுநாள் காலை அந்த மருத்துவமனைக்குப் போகாமல், மூத்த மருத்துவரிடம் தேதி கேட்டேன். செப்டம்பர் 8ஆம் தேதி செம்பிக்குப் புதிய ஊசி போட்டார். பயணச்சீட்டுகளை ரத்து செய்தோம். நவம்பர் கடைசியில் கணவர் மட்டும் புறப்பட்டுப் போனார்.

மூன்று மாதம் எதற்கு

அதற்குப் பின்புதான் அந்த மூன்று மாதத்தின் காரணத்தை நான் தேடிப் படித்தேன். அதுவரை அதை அலுவலகத் தாமதங்களில் ஒன்றாகவே எண்ணியிருந்தேன். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் அது தடுப்பூசியால் வந்ததாக இருக்கலாம். ஊசிக்கு முன்பே நாயின் உடம்பில் நுழைந்துவிட்ட நோய்க்கிருமியால் வந்ததாகவும் இருக்கலாம். ஆய்வகத்தில் பார்க்கும் எண் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. காலம்தான் சொல்லும். கிருமி உள்ளே இருக்குமானால் பெரும்பாலும் சில மாதங்களுக்குள் நோய் வெளிப்பட்டு நாய் இறந்துவிடும். மூன்று மாதம் கழிந்தும் நலமாக இருக்கும் நாயின் எதிர்ப்பொருளை நம்பலாம். வெறிநோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. அந்த மெதுவான பயணத்தால்தான் கடிபட்ட பிறகு போடும் ஊசிக்கு அவகாசம் கிடைக்கிறது. எல்லையில் நிற்பவருக்குக் காத்திருப்பைத் தவிர வேறு வழி இல்லாமல் போவதும் அதனால்தான். தையில் கடித்தது, சித்திரையில் தெரிந்தது.

குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இல் திறக்கப்பட்டதற்குப் பின்னாலும் ஒரு சாவு இருக்கிறது. 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநோயால் இறந்தார். பாரிஸில் பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு 1885இலேயே ஊசி போட்டுக் காப்பாற்றியிருந்தும், தென்னிந்தியாவில் அந்தச் சிகிச்சைக்கு இடமில்லாதிருந்தது. அதன் விளைவாக எழுந்ததுதான் குன்னூர் நிலையம். என் மாமா பிழைத்திருக்க வேண்டிய ஊசி, அவர் பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் மலையில் தயாராகிக்கொண்டிருந்தது. ஆட்டு மூளையில் வளர்த்த அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004 இறுதியோடு முடிவுக்கு வந்து, இப்போது கையில் போடும் சில ஊசிகளோடு சிகிச்சை முடிந்துவிடுகிறது. அப்படியிருந்தும், உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாம் ஒன்றியத்தின் அந்தப் பட்டியலில் இல்லாததற்கு ஐரோப்பியர் யாரும் காரணமல்லர்.

அந்த ஊர்க்காரனுக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டாரே, அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பதையும் இதை ஒட்டியே அறிந்துகொண்டேன். அங்கே இந்த நோயைச் சுமந்தவை நரிகள். காட்டு நரியைப் பிடித்து ஊசி போட முடியாது. 1978இல் சுவிட்சர்லாந்தில், வாய்வழித் தடுப்பு மருந்தைக் கோழித் தலைகளுக்குள் வைத்துக் காட்டில் போட்டுப் பார்த்தார்கள். நரிகள் அதைத் தின்றன, நோய் பரவுவது நின்றது. ஜெர்மனி 1983இல் அந்த முறையைத் தொடங்கியது. பின்னர் விமானங்களிலிருந்து மருந்து வைத்த இரைகளை ஆண்டுக்கணக்கில் தூவி, கால் நூற்றாண்டு உழைப்புக்குப் பின் 2008இல்தான் நிலத்து விலங்குகளிடம் வெறிநோய் அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. நான் பிப்ரவரி என்று எழுதிக்கொண்டு போயிருந்தால், அந்தக் காட்டின் வழியாகத்தான் செம்பியை நடத்திக்கொண்டு போயிருப்பேன்.

இவையெல்லாம் அளவுக்கு மீறிய அச்சம் என்று நினைப்பவர்களுக்கு 2004ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் பிரான்சில் நடந்ததைச் சொல்வேன். மொராக்கோவிலிருந்து நான்கு மாத நாய்க்குட்டி ஒன்றை, சிப்பும் ஊசியும் இல்லாமல், ஸ்பெயின் வழியாகக் காரில் போர்தோ பகுதிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அன்பினால் கொண்டுவந்ததாகத்தான் இருக்கும். இசை விழாக்களுக்கெல்லாம் கூட்டிப்போன அந்தக் குட்டி ஆகஸ்டில் இறந்தது. சோதித்தால் வெறிநோய். அதைத் தொட்டவர்கள், கொஞ்சியவர்கள், அதனிடம் கடிபட்டவர்கள் யார் யார் என்று தேடிப்பிடித்து, நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட வேண்டியிருந்தது.

கூண்டு

செம்பியின் இரண்டாவது ரத்த மாதிரியை அக்டோபர் 10ஆம் தேதி எடுத்தோம். முடிவு நவம்பர் முதல் வாரத்தில் வந்தது: 6.1. அறிக்கையை அம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எண்ணை இரண்டு முறை படித்தார். 0.5 இருந்தாலே போதும் என்று விளக்கினேன். ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த நகல் இன்றும் குரோம்பேட்டை வீட்டு பீரோவில், குடும்ப அட்டையும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பையில் இருக்கிறது.

காத்திருப்பு எங்களுக்குக் கொடுத்த நன்மை ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதை எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. நவம்பரில் புறப்பட்டிருந்தால் செம்பி தன் கூண்டைப் பார்த்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிப்படி, நாய் கூண்டுக்குள் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடம் வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முன்னங்கால் முட்டி மடங்கும் இடம் வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம்; தோளின் அகலத்தைப் போல இரு மடங்கு அதன் அகலம்; நிற்கும்போது தலை அல்லது காது நுனி வரையிலான உயரமே அதன் உயரம், விரிப்புக்குச் சற்றுக் கூடுதலாக. செம்பிக்கு 68 சென்டிமீட்டர் நீளமும் 28 சென்டிமீட்டர் முட்டி உயரமும் வந்தன. 82க்குக் குறையாமல் வேண்டும். கடைக்காரர் சொன்ன அளவு அதைவிடச் சிறியது. வாங்கும் முன் நாமே அளந்துவிடுவது நல்லது.

கூண்டு வந்த முதல் நாளில் நான் ஒரு தவறு செய்தேன். அளவு சரிதானா என்று பார்க்கும் அவசரத்தில் செம்பியைப் பின்னாலிருந்து தள்ளி உள்ளே விட்டுவிட்டேன். அவள் நடுங்கிக்கொண்டு சிறுநீர் கழித்துவிட்டாள். அதன்பின் பத்து நாள், கூடத்தின் அந்தப் பக்கமே அவள் வரவில்லை. கூண்டின் மேல்பாதியைக் கழற்றி எடுத்துவிட்டு, கதவையும் எடுத்துவிட்டு, கீழ்த்தட்டை மட்டும் ஒரு தொட்டிபோல் வைத்து, என் பழைய பருத்திப் புடவையை விரித்து, சாப்பாட்டுத் தட்டை முதலில் அதற்கு வெளியே, பிறகு விளிம்பில், பிறகு உள்ளே என்று நாளுக்கு ஒரு சாண் நகர்த்தினேன். டிசம்பர் முதல் வாரத்தில் மேல்பாதியைப் பொருத்தினோம். பிறகு கதவு. பிறகு கதவைச் சாத்தி ஐந்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி. கதவில் மாட்டிய கிண்ணத்திலிருந்து தண்ணீர் குடிக்கப் பழக்கினோம். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு நாள் மதியம் அவளைக் காணோமே என்று தேடினால், யாரும் சொல்லாமலே கூண்டுக்குள் போய்ச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

மயக்க மருந்து கொடுத்துவிட்டால் இத்தனை பாடு வேண்டாமே என்று சிலர் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், மூச்சைத் தளர்த்தும், உடலின் வெப்பக் கட்டுப்பாட்டைக் குலைக்கும், கூண்டு சாயும்போது கால் ஊன்ற விடாது. பக்கத்தில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத சரக்கு அறையில் அது உயிருக்கே ஆபத்து. பல விமான நிறுவனங்கள் மயக்கத்தில் இருக்கும் பிராணியை ஏற்றுவதே இல்லை. பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் பெரிது. அவற்றை வைத்திருப்பவர்கள் பயணச்சீட்டு எடுக்கும் முன் மருத்துவரிடம் பேச வேண்டும்.

பள்ளிக்கரணையிலிருந்து பிராங்க்பர்ட் வரை

இதற்கு அப்பால் நடந்தவை விரைவாக நடந்தன. பயணத்துக்கு முந்தைய பத்து நாளுக்குள் தான் வழங்கப்பட வேண்டும் என்ற விதியுள்ள சுகாதாரச் சான்றிதழை, பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் கால்நடைத் தடைக்காப்பு நிலையத்தில் ஜனவரி 13ஆம் தேதி பெற்றோம். அங்கிருந்த அதிகாரி செம்பியின் முதுகில் கருவியை வைத்து, 15 இலக்கங்களையும் உரக்கப் படித்து, ஒவ்வோர் ஆவணத்திலும் இருந்த எண்ணோடு ஒப்பிட்டார். தடுப்பூசித் தேதியைப் பார்த்தார், சிப் தேதியைப் பார்த்தார், மறுபடி தடுப்பூசித் தேதியைப் பார்த்தார். எனக்கு மறைக்க எதுவும் இல்லாதிருந்தது பெரிய ஆறுதல். ஜெர்மனும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட அந்தப் படிவத்தில், அச்சின் நிறத்திலிருந்து வேறுபட வேண்டும் என்பதற்காக நீல மையில் கையெழுத்திட்டார்.

ஜனவரி 17ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானம். மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் சோறு, பிறகு ராதா நகர் முழுவதும் நீண்ட நடை. கிண்ணத்துத் தண்ணீரை முன்னதாகவே உறையவைத்து எடுத்துப்போனேன். ஏற்றி இறக்கும்போது சிந்தாது, மெல்ல உருகிக் குடிக்கக் கிடைக்கும். அம்மா வாசல்வரை வந்தார். விமான நிலையத்தில் சோதனைக்காகச் செம்பியை வெளியே எடுக்கச் சொன்னார்கள். கூண்டைத் தனியே ஊடுகதிரில் அனுப்பினார்கள். அது முடிந்து நான் கூண்டின் கதவைத் திறந்ததும், தள்ளாமல், இழுக்காமல், பெயரைக்கூடச் சொல்லாமல், அவள் தானாக நடந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தியது என் கை. அடுத்த பத்து மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் சாத்தினால் நானே திறப்பேன் என்பது மட்டும்தான் தெரியும். விமானத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிராங்க்பர்ட்டில் பெரிய பொதிகள் வரும் இடத்தில் அவளுடைய கூண்டு வந்தது. சுங்கத்தில் காட்ட வேண்டியது உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சுங்க அதிகாரியிடம் ஆவணங்களைக் கொடுத்தேன். இளம்பெண். அவரும் எண்ணைப் படித்துப் பார்த்தார், தேதிகளை வரிசையாகப் பார்த்தார், தலையசைத்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவே. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் செம்பி என் கழுத்தில் தலையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் அசையாமல் நின்றாள்.

மறுபடியும் அழைத்தேன்

நேற்று அந்த இளைஞரை நானே அழைத்தேன். முதலில் என் குரலுக்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு என் மாமாவின் கதையைச் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. ஏஜென்டுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றார். தான் முதலில் போய்விட்டு, சில மாதம் கழித்துத் தங்கையிடம் பூனையைக் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டார். அதில் ஒரு சிக்கல் இருப்பதைச் சொன்னேன்: உரிமையாளரின் பயணமும் பிராணியின் பயணமும் ஐந்து நாள் இடைவெளிக்குள் இருக்க வேண்டும், அதைத் தாண்டினால் வணிகப் போக்குவரத்தாகக் கருதி வேறு விதிகளைப் பொருத்துவார்கள். ஆகவே பூனையின் நாள் கனிந்ததும் இவரே ஒரு முறை ஊருக்கு வந்து கூட்டிப் போவதுதான் நேரான வழி. செலவுதான் என்றார். ஆமாம் என்றேன். மூன்று மாதமும் தங்கை பார்த்துக்கொள்வாள், கூண்டுக்குப் பழக்கவும் அவளால் முடியும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். சிப் இன்னும் போடவில்லையாம். திங்கட்கிழமை போடப்போகிறார், அதற்குப் பின் ஊசி.

வைப்பதற்கு முன், பூனைக்குப் பை அளவு எப்படி எடுப்பது, ஒரு நிமிடம்கூட நிற்கமாட்டேன் என்கிறதே என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நூலை வைத்து அளந்துகொண்டு, பிறகு நூலை அளவுகோலில் வைத்துப் பாருங்கள் என்று சொன்னேன்.